கஞ்சி போட்ட தோட்டாக்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, என் மேஜை மேல் நிற்கும் இந்தத் தோட்டாவின் தலையில் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். போயும் போயும் தோட்டாவின் மேலா என்று கேட்பீர்கள். வேறு எதன் மேல் சத்தியம் செய்தாலும் என் வீட்டில் எடுபடுவதில்லை. என் தலையில் கைவைத்துச் சொன்னால், "அதுக்குள்ள என்ன இருக்கு, போங்க" என்கிறாள் மனைவி.

எழுத உட்கார்ந்தது நன்றி சொல்ல. நான் இந்த வயதுவரை மூச்சு விடுவதற்குக் காரணமானவர்களின் வரிசை பெரியது. அதில் என் அண்ணி உண்டு, அண்ணன் உண்டு, கோட்டில்லாத ஒரு வக்கீல் உண்டு, எங்களைச் சுட வந்தவர்களும் உண்டு. சுட வந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் நன்றி சொன்னால் நான் மனிதனே இல்லை.

அப்போது நாங்கள் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்த்தோம். முன்பக்கம் துணி வாங்கும் கவுண்டர். அதை ஒட்டி நான் நின்ற இஸ்திரி அறை. அதற்குப் பின்னால் கொப்பரைகள் இருந்த தகரக் கொட்டகை. கடைசியில் துணி காயப்போடும் வெட்டவெளி. அந்த வெளியின் ஓரத்தில், ஒரே பின்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்ற அறைகளில்தான் எங்கள் குடித்தனம். கொடி நிறையப் படுக்கை விரிப்புகள் காயும் நாட்களில், என் வீட்டுக் கதவுக்குப் போக ஊரில் பாதிப் பேருடைய படுக்கைக்குள் புகுந்துதான் போகவேண்டும். பெரிய மனிதர்களின் வீட்டு வண்டவாளம் எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களுடைய வைத்தியருக்குக்கூடத் தெரியாது.

அண்ணன் கொப்பரைக்காரன். ஆவியில் நின்று நின்று காது மந்தமாகி, பேச்சும் வற்றிப்போய், கடைசியில் அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது. "தண்ணி கொதிக்குது." சாப்பிட்டாயா என்றாலும் அதுதான், மழை வருமா என்றாலும் அதுதான். அண்ணியிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோதும் அதையேதான் சொன்னானாம். அண்ணி அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டாள்.

அண்ணிதான் அந்த இடத்தின் மேஸ்திரி. எல்லோருக்கும் கஞ்சி அண்ணி. அவள் கஞ்சி போட்ட சட்டையைக் கழற்றி வைத்தால் அது மடங்காது. எதிரில் நின்று நம்மோடு பேசும். ஒரு நாள் காற்றில் கொடியை விட்டுப் பறந்த காலர் ஒன்று, தெருவில் போன தபால்காரரின் சைக்கிள் டயரைக் கிழித்துவிட்டுப் போனது. தபால்காரர் இறங்கி வந்து சண்டை போடவில்லை. தன் சட்டைக்கும் அதே மாதிரி போட முடியுமா என்று கேட்டார்.

அண்ணியிடம் ஒரு விதி இருந்தது. அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதிலிருந்துதான். ஒரு பெரிய மனிதர், கோட்டுப் பையில் வைத்திருந்த தங்க ஊசியைக் காணோம் என்றார். துணி மடிக்கும் பெண் ஒருத்தியைக் காவல் நிலையத்தில் பகல் முழுக்க நிற்க வைத்தார்கள். ஊசி சாயங்காலம் அவருடைய இரவுச் சட்டையிலேயே குத்தியிருந்தது. கிடைத்துவிட்டதாம் என்று சொல்லி அவளை அனுப்பினார்கள். அவ்வளவுதான். வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் அண்ணி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இனிமே அழுக்குத் துணி எப்படி வருதோ அப்படியே கொப்பரைக்குப் போகணும். தண்ணிக்கு முன்னாடி யார் கையும் எந்தப் பைக்குள்ளயும் போகக் கூடாது. தண்ணிக்கு அப்புறம், மடிக்கிற மேஜையில, எல்லாரும் பார்க்க எடுக்கணும். எடுத்ததை அவங்கவங்க வீட்டுக்கே திருப்பிக் கொடுக்கணும். வந்ததைவிடச் சுத்தமா கொடுக்கணும்."

"பைக்குள்ள கடிகாரம் இருந்தா, அண்ணி?"

"குளிச்சுட்டுப் போகட்டும்."

அன்றிலிருந்து எல்லாம் வெந்தது. கடிகாரங்கள் வெந்தன; மூக்குப்பொடி டப்பாக்கள் வெந்தன; யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதங்கள் வெந்து, எழுத்துப் போய், வெள்ளைத் தாளாக மனைவிமார் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வகையில் அண்ணி காப்பாற்றிய குடும்பங்கள் எத்தனையோ. ஒரு நீதிபதியின் பையில் உயிரோடு ஓர் ஆமை வந்தது. அவருடைய பேத்தி போட்டு வைத்திருந்தாளாம். ஆமை பிழைத்தது. ஆனால் பால் வெள்ளையாகத் திரும்பிப் போனது. நீதிபதிக்கு அதன் மேல் முன்பைவிடப் பிரியம் கூடிவிட்டது என்று கேள்வி.

பிறகு தோட்டாக்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மனிதர்கள் ஏரிப் பக்கம் வாத்து சுடப் போவார்கள். திங்கட்கிழமை வேட்டைக் கோட்டுகள் சலவைக்கு வரும். பைகளில் மிச்சத் தோட்டாக்கள் கிடக்கும். தடித்த காகிதக் கூடு, பித்தளை அடி. சோடா போட்ட கொதிநீரில் கோட்டோடு சேர்ந்து வெந்த தோட்டா எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊறிய ரொட்டி மாதிரி உப்பி, சாயம் போய், பார்க்கவே பாவமாக இருக்கும்.

"இதை எப்படி அண்ணி திருப்பிக் கொடுக்கிறது? குப்பையில போட்டுடலாமா?"

"அவங்க பொருளைக் குப்பையில போட நாம யாரு?" என்றாள் அண்ணி.

தோட்டாக்களைக் கஞ்சியில் முக்கினாள். கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டாள். வெயிலில் அவை வரிசையாக ஆடும்போது பறவைகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தன. வாத்துகள்கூட வந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. காய்ந்த பிறகு, சட்டைக் கைமுனைக்கென்று வைத்திருந்த சின்ன இஸ்திரிப்பெட்டியால் நான் ஒவ்வொன்றையும் உருட்டி உருட்டித் தேய்ப்பேன். பித்தளையைச் சாம்பல் போட்டு விளக்குவோம். நீலக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் கடையில் வாங்கியது மாதிரி இருக்கும். அதைவிட நன்றாக இருக்கும். கடைத் தோட்டாவில் சோப்பு வாசனை வராது.

அப்படித் திரும்பி வந்த தோட்டாக்களைப் பார்த்து முதலில் மகிழ்ந்தவர் மாடிக்காரர். அந்தப் பகுதியிலேயே மூன்றாவது மாடி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கவுண்டரில் காகிதத்தைப் பிரித்து ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார்.

"அட, மணக்குதே! இதை நான் மேஜை டிராயர்ல போட்டு வெச்சுக்கறேன். வீட்டுப் பாதுகாப்புக்கு."

"வேட்டைக்கு எடுத்துட்டுப் போகலையாங்கய்யா?" என்று கேட்டேன்.

"வேட்டைக்கு எப்பவும் புதுப் பெட்டிதான். வாத்து கெட்டிக்காரப் பறவை, தெரியுமா? ஒரு தடவை தப்புச்சுன்னா போச்சு." நீலக் காகிதத்தை மறுபடி சுற்றினார். "ஆளுங்களுக்கு இந்த மிச்சம் போதும்."

நல்ல மனநிலையில் சொன்னார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருந்த எல்லோரும் இதே வழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். பறவைகளுக்குப் புதியது, மனிதர்களுக்கு மிச்சம். அவர்கள் எங்களை வாத்துகளுக்குச் சமமாக மதித்திருந்தால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

அண்ணி கர்ப்பமாக இருந்த வருடம், நாங்கள் வேலை செய்த மனை முழுவதும் மாடிக்காரருக்கு வாரிசுரிமையில் வந்தது. சலவை நிலையத்தை இடித்துவிட்டு வலை கட்டிப் பந்து விளையாட ஓர் ஆடுகளம் போட அவருக்கு ஆசை. வெட்டவெளியின் நீள அகலம் பார்த்துப் பார்த்து வைத்தது மாதிரி அதற்குப் பொருந்தியதாம். வந்து நின்று சொன்னார்.

"வர்ற திங்கட்கிழமை நீங்கல்லாம் காலி பண்ணிடணும்."

"திங்கட்கிழமையா? அன்னிக்குத்தான் உங்க வீட்டு வேட்டைக் கோட்டெல்லாம் வரும்," என்றாள் அண்ணி. "பிள்ளை பொறக்கட்டுங்க. எழுந்து நடக்கிறதுக்குள்ள வேற இடம் பார்த்துக்கறோம்."

"நான் கேட்டுக்க வரல. சொல்ல வந்தேன்."

"நானும் சொல்லிட்டேனுங்க."

அவர் கோபப்படவில்லை. அவர் செய்தது அதைவிடப் பெரிய காரியம். நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், தனக்குப் பயமாக இருக்கிறது என்று பதிவு செய்தார். எதைக் கண்டு என்று கேட்டார்களாம். "அவங்ககிட்ட கொதிக்கிற தண்ணி இருக்கு" என்றாராம்.

இதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை. விளக்கியவர் ஒற்றைக்கோட்டு வக்கீல். அவரிடம் இருந்தது ஒரே கறுப்புக் கோட்டு. வாரம் ஒரு முறை அது சலவையாகி இஸ்திரி ஆகும்வரை, பனியனோடு என் அறையில் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவருக்கு வேலை கிடையாது என்பதால் எங்களுக்குச் சட்டம் சொல்லுவார்.

"அவர் பயந்தா பயந்துட்டுப் போகட்டும் சார். எங்களுக்கு என்ன?" என்றேன்.

"முட்டாள். துப்பாக்கிச் சட்டத்தோட கதை தெரியுமா உனக்கு?"

"சுருக்கமா சொல்லுங்க. காலர் மட்டும்தான் பாக்கி."

"ரொம்ப காலம் முன்னாடி இந்த ஊர்ல யாரு எதை வெச்சுக்கிட்டாலும் கேள்வி இல்ல. ஒரு நாள் கூலிக்காரங்க ஒண்ணா நின்னு கூலியைக் கூட்டிக் கேட்டாங்க. வெறுங்கையோடதான் நின்னாங்க. மறுவாரமே சட்டம். குதிரை வெச்சிருக்கறவங்க மட்டும்தான் துப்பாக்கி வெச்சுக்கலாம்."

"குதிரைக்கும் துப்பாக்கிக்கும் என்ன சார்?"

"குதிரையைத் திருடிடுவாங்களாம். அதைக் காப்பாத்தணுமே."

"குதிரை இல்லாதவன்?"

"அவன்கிட்ட இருக்கறது உயிர்தானே. உயிர் சட்டத்துல சொத்துன்னு வரல."

"தம்பி, பேச்சுக் கேட்டுக்கிட்டே காலரைக் கருக்கிடாதே," என்று மடிக்கும் மேஜையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அப்புறம் மோட்டார் வந்துச்சு, குதிரையெல்லாம் போச்சு. நிலம் இருக்கறவங்களுக்குன்னு மாத்தி எழுதினாங்க. செங்கல் சூளைக்காரங்க சில குடும்பம் சேர்ந்து, ஒரு துண்டு நிலத்தை வாங்கி, எங்களுக்கும் கொடுங்கன்னு போய் நின்னாங்க. திரும்பவும் மாத்திட்டாங்க. இப்போ நிலமெல்லாம் வேணாம். யார் வேணா கேட்கலாம், எல்லாரும் சமம். முதல் வரியிலயே பெருசா போட்டிருக்கு."

"அடடா! நல்ல சட்டம் சார்."

"ரெண்டாவது வரியைக் கேளு. ஏற்கெனவே துப்பாக்கி வெச்சிருக்கற ரெண்டு பேரு வந்து, இவன் நல்லவன்னு சொல்லணும்."

"ஏற்கெனவே வெச்சிருக்கறது யாரு?"

"குதிரைக்காரங்களோட பேரப்பிள்ளைங்க."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். வக்கீல் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"தற்காப்பு மட்டும் எல்லாருக்கும் உண்டு. தன் மண்ணுல நிக்கற ஒருத்தர், தன் உயிருக்கு ஆபத்துன்னு நியாயமா பயந்தா, அடிக்கலாம், சுடலாம். இதுல ரெண்டு முடிச்சு இருக்கு. தன் மண்ணு ஒண்ணு, நியாயமான பயம் ஒண்ணு. முன்னே ஒரு வண்டிக்காரரை முதலாளி அவர் அறைக்கே போய்ப் பிரம்பால அடிச்சாரு. வண்டிக்காரர் கையில கிடைச்ச கரண்டியால தடுத்தாரு. கோர்ட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? அறை முதலாளியோடது. அதனால அத்துமீறி உள்ளே இருந்தது வண்டிக்காரர்தான்னு சொல்லிடுச்சு. ஜெயிலுக்குப் போனாரு. அங்கேயே செத்தும் போனாரு."



"அவர் பயந்திருப்பாரே சார், அந்த வண்டிக்காரர்?"

"பயந்தாரு. ஆனா அது பழகிப்போன பயம், தினமும் இருக்கறது. அதை நியாயமான பயம்னு எடுத்துக்க முடியாதுன்னு தீர்ப்பு." வக்கீல் எழுந்து அண்ணியைப் பார்த்தார். "திங்கட்கிழமை நீங்க இங்க இருந்தீங்கன்னா, அவர் மண்ணுல நீங்க அத்துமீறி நிக்கறீங்க. அவர் பயமும் பதிஞ்சாச்சு. அவர் சுட்டா அதுக்குப் பேரு தற்காப்பும்மா. நான் கோட்டு போட்டுக்கிட்டுச் சொல்றேனோ போடாம சொல்றேனோ, சட்டம் அதுதான். போயிடுங்க."

"என் பயத்தையும் பதிவு பண்ணிட்டு வர்றேன்," என்றாள் அண்ணி.

நானும் கூடப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"பயமா? நிலம் இருக்கா?"

"இல்லீங்க."

"வேற சொத்து?"

"வயித்துல பிள்ளை இருக்கு."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து, கொஞ்ச நேரம் யோசித்தார். நேர்மையான மனிதர். "அது அசையும் சொத்து," என்றார். "எடுத்துக்கிட்டுப் போயிடலாமே."

போயிருக்கலாம்தான். எங்களுக்குத்தான் போக வேறு இடம் இல்லை. வயிற்றில் அந்தக் கனத்தோடு அண்ணியால் தெருமுனை வரைக்கும்கூட ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. திரும்பி வரும்போது பாதி வழியில் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். "தம்பி, திங்கட்கிழமை நீ வேற எங்கேயாவது போயிடு," என்றாள்.

"அப்போ கோட்டெல்லாம் யாரு தேய்க்கிறது?"

"வாய் மட்டும் இல்லேன்னா கொழுந்தனாரை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றாள். சிரிக்க முயன்றாள். கையை மட்டும் வயிற்றைவிட்டு எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அண்ணி பயந்து பார்த்தது. பழகிப்போன பயமா புதுப் பயமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் கொடி நிறைய விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணி அவற்றுக்கு நடுவில் நின்று கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வக்கீல் பொழுது விடிந்ததும் வந்துவிட்டார், எங்களுக்காக வாதாட. ஆனால் வந்த அவசரத்தில் கோட்டில் மை கொட்டிவிட்டது. அண்ணியின் கண்ணில் கறை பட்டால் விடுவாளா? பிடுங்கிக் கொப்பரையில் போட்டுவிட்டாள். ஆக, எங்கள் தரப்பு வக்கீல் பனியனோடு நின்றார்.

மாடிக்காரர் தன் வேட்டைக் கூட்டாளிகளோடு பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். எல்லோர் தோளிலும் துப்பாக்கி. எல்லோர் உடம்பிலும் போன வாரம் நாங்கள் வெளுத்துக் கொடுத்த கோட்டு. அண்ணி முகங்களைப் பார்க்கவில்லை. கோட்டுகளைப் பார்த்தாள்.

"அய்யா, அந்த முழங்கைக் கறை போகவே இல்லையே. இன்னொரு தண்ணி பார்த்துத் தர்றேன், கழற்றிக் கொடுங்க," என்றாள் கடைசியில் வந்தவரிடம். அவர் பழக்கதோஷத்தில் பொத்தானில் கை வைத்துவிட்டார்.

"நான் பயந்துட்டேன்!" என்று மாடிக்காரர் உரக்கச் சொன்னார். சட்டப்படி முதலில் அதைச் சொல்லவேண்டுமாம். "எல்லாரும் சாட்சி. நான் ரொம்பப் பயந்துட்டேன். கடைசியா சொல்றேன், வெளியே போ."

"துணி ஈரமா இருக்குங்க. காய்ஞ்சதும் பேசலாம்."

"இது செல்லாது!" என்று வக்கீல் குறுக்கே ஓடினார். "கர்ப்பிணியைக் கண்டு பயம் என்பது..."

"யாருய்யா இது பனியனோட?"

"நான் வக்கீல்!"

"நான்கூடத்தான் மகாராஜா. தள்ளு."

துப்பாக்கிகள் உயர்ந்தன. அண்ணிக்கும் அவற்றுக்கும் நடுவில் ஓர் ஈர விரிப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் கூடையைத் தூக்கி அவள் வயிற்றுக்கு முன்னால் பிடித்தேன். பிரம்புக்கூடை. வேறு எதுவும் கைக்கு எட்டவில்லை.

விசைகள் இழுபட்டன. 'டக்' என்றது. பக்கத்தில் இன்னொரு 'டக்'. பூட்டிய பெட்டியை யாரோ திறந்து மூடுவது மாதிரி வரிசையாகச் சத்தம். அப்புறம் நல்ல சோப்பு வாசனை வந்தது. ஒரு துப்பாக்கியின் வாயிலிருந்து சின்ன நுரைக்குமிழி ஒன்று எட்டிப் பார்த்து, பெரிதாகி, வெயிலில் வானவில் காட்டிவிட்டு உடைந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

தோட்டாக்கள் மேஜை டிராயரிலிருந்து வந்தவை. ஆளுங்களுக்கு மிச்சம்.

அப்போதுதான் அண்ணன் கொட்டகையிலிருந்து வெளியே வந்தான். உடம்பெல்லாம் ஆவி புகைய, கையில் துணி கிளறும் நீளக் கட்டையோடு. அவனுக்கு எதுவும் காதில் விழுந்திருக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"தண்ணி கொதிக்குது."

அதுவரை மாடிக்காரர் பயந்ததாகச் சொன்னதெல்லாம் சட்டத்துக்காக. இப்போது நிஜமாகவே பயந்தார். விரிப்புகளில் சிக்கி, கொடிக்கயிற்றை இழுத்துக்கொண்டு, அடுத்த வீட்டு மேஜைவிரிப்பு ஒன்றைத் தலையில் போர்த்திக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். ஓடும்போது மாடிக்காரர் துப்பாக்கியைப் பிளந்து உள்ளே இருந்ததை உதறிவிட்டுப் போனார்.

"அய்யா! உங்க தோட்டா!" என்று அண்ணி அதைப் பொறுக்கிக்கொண்டு, அந்த வயிற்றோடு பின்னாலேயே போனாள். "உங்க பொருளை விட்டுட்டுப் போறீங்களே!"

"எனக்கு வேணாம்! நீயே வெச்சுக்க!"

அவரே வாயால் கொடுத்துவிட்டதால்தான் என்னை வைத்துக்கொள்ள விட்டாள். இல்லையென்றால் அதையும் கஞ்சி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

மாடிக்காரர் எங்கள் மேல் வழக்குப் போட்டார். தோட்டாக்களை வேண்டுமென்றே கெடுத்தோமாம். விசாரித்தவர் வெள்ளை ஆமையின் சொந்தக்காரரான அந்த நீதிபதி.

"தோட்டா கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுட்டுப் பார்த்தேன், கனம் நீதிபதி அவர்களே."

"யாரை?"

மாடிக்காரர் தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். நீதிபதி காத்திருந்தார். பிறகு அண்ணனைக் கூண்டில் ஏற்றி, சம்பவ தினத்தன்று என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். "தண்ணி கொதிக்குது" என்றான். அன்று சொன்னதையே மாற்றாமல் சொல்லும் சாட்சி அபூர்வம் என்று நீதிபதி மெச்சினார். எங்கள் வக்கீல் அன்றைக்குக் கோட்டோடு இருந்தார். அண்ணி அதற்குப் போட்டிருந்த கஞ்சியில் அவரால் உட்கார முடியவில்லை. முழு வழக்கையும் நின்றுகொண்டே நடத்தினார். வண்டிக்காரரின் கதையையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிட்டது.

மாடிக்காரர் வழக்கைத் திரும்பப் பெற்றார். ஆனால் நீதிபதி சும்மா எழுந்து போகவில்லை. நிற்கும் மண் யாருடையதாக இருந்தாலும் நிற்கிற கால் அவளுடையது, அவளுக்கும் நியாயமாகப் பயப்பட உரிமை உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு செங்கல் சூளைக்காரர்களும் வண்டிக்காரர்களும் வீட்டு வேலைக்காரர்களும் ஒவ்வொருவராக நீதிமன்றம் ஏறினார்கள். எல்லோரும் ஜெயித்தார்கள் என்று சொல்லமாட்டேன், சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் தன் அறைக்குள் இருந்ததற்காக அதன் பிறகு யாரும் அங்கே ஜெயிலுக்குப் போகவில்லை. பந்தாட்டக் களம் வேறெங்கோ போனது. எங்கள் வெளியில் துணி காய்ந்தது.

அவர்கள் சுட வந்த அந்த வாரக் கடைசியிலேயே அண்ணிக்குப் பெண் பிறந்திருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவன் குழந்தையை ரொம்ப நேரம் பார்த்தான். எதுவுமே சொல்லவில்லை. கொட்டகைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டான்.

ஆக, என் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். எங்களைத் திருடர்கள் என்று நினைத்தவருக்கு நன்றி. அவர் இல்லையென்றால் அந்த விதி இல்லை. எங்களுக்குத் துப்பாக்கி கொடுக்காத சட்டத்துக்கு நன்றி. கொடுத்திருந்தால் நான் அன்றைக்கு என் காலையே சுட்டுக்கொண்டிருப்பேன். புதுப் பெட்டியை வாத்துகளுக்கென்று ஒதுக்கியவர்களுக்கு நன்றி. வக்கீலுக்கு நன்றி, அவர் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கோட்டை நான்தான் தேய்த்து மாட்டிவிட்டேன். அண்ணனுக்குச் சொன்னால் காதில் விழாது. அண்ணிக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை. எந்தச் சட்டமும் துணைக்கு வராத இடத்தில் ஈரத் துணிகளுக்கு நடுவே நின்ற ஒருத்தி அவள். இப்போதும் என் சட்டையில் ஒரு மடிப்பு கோணலாக இருந்தால், "இஸ்திரிக்காரனாம் இஸ்திரிக்காரன்" என்கிறாள்.

அப்போது பிறந்த அந்தப் பெண்தான் இப்போது காவல் துறையில் ஆயுதங்களைச் சோதிக்கும் பிரிவுக்கு அதிகாரி. போன மாதம் என் மேஜையைப் பார்த்துவிட்டாள்.

"சித்தப்பா, தோட்டாவை இப்படி வீட்டுல வெச்சிருக்கக் கூடாது. கொடுங்க."

"அது செத்துப்போன தோட்டாடி. உங்கம்மா வேகவெச்சு, கஞ்சி போட்டு, நான் தேய்ச்சது."

"சட்டம் எல்லாருக்கும் சமம், சித்தப்பா," என்றாள், அம்மாவின் அதே குரலில்.

கொண்டுபோனாள். காவல் நிலையத்தின் பின்பக்கம் மணல் மூட்டைகளுக்கு எதிரில், விதிமுறைப்படி ஒரு துப்பாக்கியில் போட்டுப் பார்த்தாள். அதன் காலிக் கூட்டை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் கைவைத்துச் சத்தியம் செய்தது அந்தக் கூட்டின் மேல்தான்.

தோட்டா முதல் இழுப்பிலேயே வெடித்தது.